பூண்டு ரொட்டியும் முதல் ஓலையும்

அன்புள்ள ஜெபா,

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆலயத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன் பெரியப்பாவிடம் சொன்னாய், ஆபீஸ் சிநேகிதர்களிடம் சொன்னாய், பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம் "எங்கம்மா பாருங்க, பேரு வாசிச்சதுமே தாங்க முடியாம அழுதுட்டாங்க" என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்னாய். அவர்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறார்கள். நானும் முந்தானையைச் சரி செய்துகொண்டு தலையை ஆட்டிவிடுகிறேன். இனிமேல் ஆட்ட முடியாது. கல்யாணம் வருகிற வாரம். ஒரு பொய்யைத் தலையில் வைத்துக்கொண்டு நான் உன்னை ஆசீர்வதிக்க முடியாது. நான் அன்றைக்கு அழவில்லை ஜெபா. சிரித்தேன். உன் ஷெரினும் என்கூடச் சேர்ந்து சிரித்தாள். ஏன் சிரித்தோம் என்று நீ இதுவரை அவளிடம் கேட்காததற்குக் காரணம், அவளும் அழுதாள் என்று நீ நம்பியதுதான்.

இந்தக் கடிதத்தை நம்ம சபைப் பத்திரிகையிலும் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உனக்கு மட்டும் ரகசியமாக எழுதினால் போதாது. ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே விளங்கும். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பேரைச் சபையார் முன்னால் வாசிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம்.

எல்லாம் உன் போனில்தான் தொடங்கியது. "அம்மா, ஞாயித்துக்கிழமை ஓலைக்கு ஷெரினும் அவங்கம்மாவும் வர்றாங்க. நீ ஒண்ணும் செய்யாதே. பங்காருபேட்டையில இறங்கி அங்கயே சாப்பிட்டுட்டு வந்துடறோம். சர்ச் முடிஞ்சதும் வீட்ல ஒரு காபி, மத்தியான ட்ரெயினுக்குக் கிளம்பிடுவோம்" என்றாய். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், தெரியும். ஆனால் போனை வைத்த பிறகு அடுப்படியில் வெகுநேரம் சும்மா நின்றேன். காபி குடிக்கிற வீடு வேறு, சாப்பிடுகிற வீடு வேறு ஜெபா. காபி குடிக்கிற வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடலாம். சாப்பிடுகிற வீட்டில்தான் காலை நீட்டி உட்காரத் தோன்றும், உப்பு கம்மி என்று சொல்லத் தோன்றும், திரும்ப வரத் தோன்றும். மண்டபம், பந்தல், சேலை, எதைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. அதையெல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பெங்களூரில் குடித்தனம் வைத்த பிறகு சுரங்கக்காரர்களுக்குக் கட்டின இந்த மைசூர் மைன்ஸ் லைன் வீடு உங்களுக்கு எந்த வீடாக இருக்கப்போகிறது? அந்த ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இன்னாதான் பிடிக்கும், சொல்லு" என்று திரும்பப் போன் பண்ணிக் கேட்டேன். "அவளுக்கு கார்லிக் பிரெட்னா உயிரும்மா, சீஸ் போட்டது. நம்ம ஊர்ல அதெல்லாம் எங்க? விடு" என்றாய். அந்த 'விடு'வை நான் விடவில்லை. நீ நிச்சயதார்த்தத்துக்கு மறுவாரம் தூக்கிக்கொண்டு வந்து வைத்த ஏர் ஃபிரையர், பூ வேலை செய்த துணி போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. போதகர் வந்து ஜெபம் பண்ணாமல் புதுச் சாமானைப் புழங்கக் கூடாது என்று வைத்திருந்தேன். அன்றைக்கே நான் அதன் முன்னால் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அவசரம், இந்த ஒரு தடவை என் ஜெபத்தையே ஏத்துக்கோங்க" என்று சொல்லித் துணியை எடுத்தேன்.

சனிக்கிழமை ஒத்திகை. போன் வீடியோவில் ஒரு பெண் இந்தியில் செய்து காட்டினாள். இந்தி எனக்குத் தெரியாது. வாயை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். நான் தையல் படித்ததும் அப்படித்தான், பஸ் போர்டைப் பார்த்துக் கன்னடம் எழுத்துக் கூட்டப் படித்ததும் அப்படித்தான். வெண்ணெயில் பூண்டை நசுக்கிப் போட்டுக் கொத்தமல்லித் தழையோடு குழைத்து, ரொட்டியில் தடவி, மேலே சீஸ் வைத்து, பெட்டிக்குள் தள்ள வேண்டும், அவ்வளவுதான். சீஸ் வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். "நூல் மாதிரி இழுக்கிறதா ஆன்ட்டி, சும்மா சீஸா?" என்று கேட்டார் கடைக்காரர். "இங்க எல்லாரும் எது வாங்குவாங்க?" என்றேன். "இங்க யாரும் வாங்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றார். இருக்கட்டும் என்று சும்மா சீஸை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏடு ஏடாக, காகிதம் மாதிரி இருந்தது. கணக்கு எழுதும்போது அதைப் பலசரக்கில் போடவும் மனசு வரவில்லை, கல்யாணச் செலவில் போடவும் மனசு வரவில்லை. 'உபசாரம்' என்று புதுத் தலைப்பு போட்டு எழுதினேன்.

உன் அப்பா அந்தப் பெட்டிக்கு வைத்திருக்கிற பெயர் உனக்குத் தெரியும். கேஜ். மைன்ஸ் ஓடின காலத்தில் ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிற கூண்டுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தவர் அவர். உள்ளே தள்ளினால் கீழே போய், மணி அடித்தால் மேலே வருகிற எதுவும் அவருக்குக் கேஜ்தான். மணி அடிக்காமல் கதவைத் தொடக் கூடாது, அது அவருக்கு வேத வாக்கு. முதல் ரொட்டியை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே காற்று அடித்த வேகத்தில் சீஸ் ஏடு பறந்துபோய் மேலே சிவந்து கிடந்த கம்பியில் ஒட்டிக்கொண்டு புகைய ஆரம்பித்தது.

"கேஜ்ல புகை! எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்றார் அப்பா.

"எல்லாரும்னா யாருங்க? நீங்களும் நானும்தானே கீறோம்."

"அப்ப நீ தள்ளி நில்லு."

"ரொட்டி கரியுதுங்க, வெளிய இழுங்க!"

"பெல் அடிக்கட்டும்."

பெல் அடித்தது. ரொட்டி, அடுப்பு எரிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. அடுத்த தடவை சீஸ் பறக்காமல் இருக்க ஒவ்வொரு மூலையிலும் ஒரு கிராம்பைக் குத்தி வைத்தேன். நன்றாக உருகி, பொன்னிறமாக வந்தது. எனக்கே கர்வம். அப்பா ஒரு துண்டைக் கடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னா ஜெபாம்மா, ரொட்டிக்கு ஆணி அடிச்சி வெச்சிக்கீறே" என்றார். எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அதற்கப்புறம் சாயங்காலம் முழுக்கப் பூண்டு நசுக்குவதும் பெட்டிக்குள் தள்ளுவதுமாகவே போனது. பக்கத்து லைனிலிருந்து, யாருக்கு உடம்பு சரியில்லை, பூண்டுக் கஷாயமா என்று கேட்டு அனுப்பினார்கள்.

இனிமேல் நடந்ததைத்தான் உன்னிடம் யாரும் சொல்லவில்லை. நம்ம சபையில், ஆராதனையில் ஆளுக்கொரு துண்டு கொடுக்கிற திருவிருந்து அப்பம் தயார் பண்ணுவது மாதம் ஒரு வீட்டு முறை இல்லையா? அந்த மாதம் நம்ம முறை. அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். தனிக் கத்தி, தனிப் பலகை, தனி வெள்ளைத் துணி, அதையெல்லாம் வருஷம் முழுக்க டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பேன். அன்றும் தலைக்குக் குளித்து, முக்காடு போட்டு, பேக்கரி ரொட்டியின் ஓரமெல்லாம் சீவி, சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, துணியில் முடிந்தேன். அப்போதுதான் எறும்பு ஞாபகம் வந்தது. நம்ம வீட்டு எறும்பைப் பற்றி நான் சொல்லவேண்டாம். சர்க்கரை டப்பாவைத் தண்ணீரில் நிற்கவைத்தாலும் நீந்தி வரும் ஜாதி அது. போன முறை அப்பத்தை எறும்பு தொட்டு, விடியற்காலையில் பேக்கரிக் கதவைத் தட்டினேன். கர்த்தருடைய பந்திக்கு எறும்பு முந்திக்கொள்ளக் கூடாது என்று நான்கு பக்கமும் பார்த்தேன். நாலு பக்கமும் இறுக்கமாக மூடுகிற பாத்திரம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துடைத்து வேறு வைத்திருந்தேன். வெள்ளைத் துணி முடிச்சை அதற்குள் வைத்துத் தள்ளிவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லிப் படுத்தேன்.

ஆமாம் ஜெபா. கேஜுக்குள்தான் வைத்தேன். சாயங்காலம் முழுக்கப் பூண்டு நசுக்கியவளுக்கு மூக்கு எங்கே வேலை செய்யும்? காலையில் எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். ரொட்டி வாசம்தான் வந்தது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

உங்கள் பேரை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மைதான். அது மட்டும்தான் அழுகைக் கணக்கு. பிறகு திருவிருந்துக்கு ஆண்கள் பக்கம் எழுந்துபோனது. நானும் ஷெரினும் சம்பந்தி அம்மாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போனவர்கள் திரும்பி வருகிற விதமே சரியில்லை. பாடகர் குழுத் தலைவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். ரிடையர்டு வாத்தியார் ஒருவர் உள்ளங்கையில் ஊதி ஊதி முகர்ந்துகொண்டே நடந்தார். எல்லோரும் தலையைக் குனிந்து, ஒருவரையொருவர் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். உன் அப்பா மட்டும் முகம் மலர்ந்து வந்து, தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மகனுக்கு ஓலை வாசித்த சந்தோஷம் என்று நினைத்தேன். நீயோ, அப்பத்துக்குப் பதிலாக ஆணியைக் கொடுத்திருந்தாலும் விழுங்கியிருப்பாய், அப்படி ஒரு மயக்கத்தில் இருந்தாய்.

எங்கள் முறை வந்தது. முழங்கால் போட்டேன். போதகர் என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். வாய்க்குக் கொண்டுபோனேன். ஜெபா, வனாந்தரத்தில் நடந்த ஜனங்கள் பூண்டை நினைத்து அழுதார்கள் என்று வேதத்தில் படித்திருக்கிறோமே, அவர்கள் அத்தனை பேரும் நினைத்த பூண்டும் அந்த ஒரு துண்டில் இருந்தது. உன் அப்பா முகம் மலர்ந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் ஷெரின். அவள் வாயில் போட்டாள், கண்ணை மூடினாள், ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்திருக்கக் கூடாது. எழுந்து இடத்துக்கு வந்து தலையைக் கவிழ்த்ததும் கிசுகிசுவென்று, "ஆன்ட்டி, இது... கார்லிக்..." என்றாள்.

"ஜெபம் பண்ணு கண்ணு, ஜெபம் பண்ணு" என்றேன்.

அவ்வளவுதான். அவள் தோள் குலுங்கியது. அதைப் பார்த்து என் தோள் குலுங்கியது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் அடக்கவே முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. சம்பந்தி அம்மா பதறிப்போய்த் தன் கைக்குட்டையை என் மடியில் வைத்து, "அழாதீங்கம்மா. எம் பொண்ணு உங்களை நல்லா பாத்துக்குவா" என்றார். அதைக் கேட்டதும் பெஞ்சே ஆடியது. நீ எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு உன் கண்ணையும் துடைத்துக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்ததும் நீ முன்னறையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாய். ஷெரின் நேராக அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். "எப்படி ஆன்ட்டி?" என்றாள். சொன்னேன். "ஏர் ஃபிரையர்லயா வெச்சீங்க?" "எறும்பு வராதே, அதான்." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலையோடு, நம்ம சிமெண்டுத் தரையில், சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு. "உங்கம்மாவுக்கு ஏதாச்சும்...?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "அம்மா காலையில தின்ன சட்னின்னு நெனச்சிட்டாங்க. குழாய்கிட்ட போயி ரெண்டு வாட்டி வாய் கொப்பளிச்சாங்க" என்றாள். "யாருகிட்டயும் சொல்லிடாதே கண்ணு. ஜெபாகிட்டகூட." "சொல்ல மாட்டேன் அத்தை" என்றாள்.

அத்தை என்றாள். நிச்சயதார்த்தத்திலிருந்து நான் அவளுக்கு ஆன்ட்டிதான். கடைக்காரருக்கும் ஆன்ட்டி, அவளுக்கும் ஆன்ட்டி. நான் அப்போது ஏதோ தேடுகிற மாதிரி கரண்டிப் பெட்டியைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, உனக்குப் பிடிச்சதுன்னு இந்தச் சனியனைச் செய்யப் போயித்தான் இவ்ளோவும்" என்று தடவி வைத்திருந்த ரொட்டியைக் காட்டினேன். அவள் பார்த்தாள். "எனக்கா? அவருக்குத்தான் அத்தை பிடிக்கும். அவருக்காகத்தான் போற இடத்துல எல்லாம் நான் அதையே ஆர்டர் பண்றேன்." "அவனுக்கா? ரசத்துல பூண்டு கெடந்தா பொறுக்கித் தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கி வெக்கிறவன் அவன்!" இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நீங்கள் பழகின நாள் முழுக்க, அவளுக்காக நீயும் உனக்காக அவளுமாக, இரண்டு பேருக்கும் பெரிய ஆசை இல்லாத ஒன்றைத் தின்று தீர்த்திருக்கிறீர்கள். இதை உனக்கு நான் புத்தியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்: கல்யாணத்துக்குப் பிறகாவது வாயைத் திறந்து கேள். அவளுக்கு எது பிடிக்கும் என்று நீயாகக் கண்டுபிடித்து வைத்திருக்காதே. எனக்குச் சிரமம் என்றும் நீயாகக் கண்டுபிடிக்காதே. ஒன்றும் செய்யாதே என்று என்னிடம் சொல்வதற்குப் பதிலாக, இன்னா செய்யப்போறே என்று கேட்டிருந்தால் கருவாட்டுக் குழம்பு என்று சொல்லியிருப்பேன்.

ஆமாம், அப்பாவுக்காக வைத்த கருவாட்டுக் குழம்பு. பெங்களூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கொல்லைப் பக்கத்து அடுப்பில், தட்டு மூடி, தட்டு மேல் கல் வைத்து ஒளித்திருந்தேன். அவள் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது. "அது என்ன வாசனை அத்தை?" என்று எழுந்துபோய்த் தட்டைத் திறந்து, குனிந்து, அப்படியே நின்றாள். அவளுடைய அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் அதுதானாம். அப்புறம் செய்வதில்லையாம். "கொஞ்சம் சோறு கிடைக்குமா?" என்று கேட்டாள். என் வீட்டில், என் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

தடவின ரொட்டியை வீணாக்குவானேன் என்று பெட்டிக்குள் தள்ளினோம். அப்பா வந்து காவலுக்கு நின்றார். கொஞ்ச நேரத்தில் ஷெரின், "போதும் மாமா, எடுத்துடலாம்" என்றாள்.

"பெல் அடிக்கணும்மா. பெல் அடிக்காம கேஜைத் தொறக்கக் கூடாது. ரூல்ஸு."

"அப்படியா மாமா?" என்று பணிவாகக் கேட்டவள், கையை நீட்டி பெட்டியில் நேரம் வைக்கிற திருகியை நேராகச் சைபருக்குத் திருப்பினாள். டிங் என்றது. "அடிச்சிடுச்சு மாமா" என்றாள்.

உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மணியைக் கேட்டு நடப்பதைத் தவிர, மணியை நாமே கூப்பிடலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பெட்டியை இழுத்துத் திறந்து, முதல் துண்டை எடுத்துக் கிராம்பை எல்லாம் தன் கையாலேயே பிடுங்கி அவள் தட்டில் வைத்தார். அவள் அந்தச் சீஸ் ரொட்டியால் கருவாட்டுக் குழம்பைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். சம்பந்தி அம்மாவும் கொஞ்சம் போதும் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். நீ முன்னறையிலிருந்து "ட்ரெயினுக்கு நேரமாகுது" என்று கத்தினபோது, "அடுத்த ட்ரெயின்ல போலாம், இருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்ததே, அது வாயில் சோற்றோடு வந்த குரல்.

மறுநாள் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திருவிருந்து வேலையிலிருந்து நீக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவரோ, "முந்தின நாள் கல்யாண வீட்டுல பிரியாணி சாப்பிட்டேன்மா. என் கைதான்னு நெனச்சி, ஆராதனை முடிஞ்சதும் சோப்பு போட்டுத் தேய் தேய்னு தேச்சேன்" என்றார். அப்புறம், "ஒருத்தர்கூட வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லலை பாருங்க. எல்லாரும் அவங்கவங்க வாய்னுதான் நெனச்சிருக்காங்க. நம்ம சபை அவ்ளோ தாழ்மையா இருந்து நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார். நீக்கவில்லை. அப்பத்தை மட்டும் இனி அவர் வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். இதனால்தான் பத்திரிகையிலும் போடச் சொல்கிறேன். அன்று அப்பம் வாங்கின என் சபை ஜனங்களே, அது உங்கள் வாய் இல்லை. என் அடுப்படி. மன்னித்துக்கொள்ளுங்கள். வாத்தியார் ஐயா, நீங்கள் இனி நிம்மதியாகப் பேசலாம்.

ஜெபா, ஓலை ஞாயிறு போய் இத்தனை நாளாகியும் ஷெரின் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. நான் அழுதேன் என்று நீ அவள் எதிரிலேயே கதை சொன்னபோதும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டுக்கொண்டதை அவள் காப்பாற்றினாள். இனி அவளுக்கு நான் விடுதலை கொடுக்கிறேன். இன்று ராத்திரி போன் பண்ணி அவளையே கேள், அவள் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும், அவளுக்கு என்னை மாதிரி நடித்துக் காட்டவும் வரும்.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்தப் பெட்டியை உங்கள் புது வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன், எனக்கெதற்கு என்று போன வாரம் அவளிடம் சொன்னேன். "வேணாம் அத்தை, அது அங்கயே இருக்கட்டும். இங்க கொண்டாந்துட்டா நாங்க அங்க வர்றதுக்கு இன்னொரு சாக்கு தேடணும்" என்றாள். அதனால் அது இங்கேதான் இருக்கும், துணி போர்த்தாமல். கல்யாணம் முடிந்து முதல் ஞாயிறு வாருங்கள். மணி அடிக்க அப்பா நிற்பார். பங்காருபேட்டையில் இறங்கினதும் உனக்குப் பசிக்கும். ஹோட்டல் பக்கம் திரும்பாதே. சாப்பிடாமல் வாருங்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா